தெற்குச் சுவரோரப் பூப்பாத்தி

ஹாலோடன் ஊர்த் தேவாலயத்துக்கு எழுநூறு வயது. அதன் தெற்குச் சுவரோரப் பூப்பாத்திக்குப் பத்தொன்பது வயது. இரண்டில் எது ஒசத்தி என்று எனிட்டிடம் கேட்டால், கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

பாத்தியை வெட்டியவள் அவள். வருஷா வருஷம் தன் வீட்டில் மக்கவைத்த இலை உரத்தை வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டி, சுவரோடு சேர்த்து மெத்தை மாதிரி அணைத்துவிட்டவளும் அவளே. மாவட்டத்திலேயே அழகான கல்லறைத் தோட்டம் என்று ஹாலோடனுக்குப் பதினோரு முறை கோப்பை கிடைத்ததற்கு, அங்கே ஆள் உயரம் நிற்கும் நீல டெல்ஃபினியம் பூக்கள்தான் காரணம்.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ள ஒன்பது பேர் திங்கட்கிழமைதோறும் வருவார்கள். சம்பளம் கிடையாது, டீயும் கேக்கும் உண்டு. ஒருத்தர் பித்தளை துலக்குவார், ஒருத்தர் புல் வெட்டுவார். ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது. இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. எனிட் மட்டும் டெஸ்மண்டை விட்டுவைக்க மாட்டாள்.

டெஸ்மண்ட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கூரையின் மழைத்தண்ணீர்க் குழாய்கள் அவர் பொறுப்பு. மூன்று வருஷமாகத் தெற்குச் சுவரின் உட்பக்கம் ஓதம் ஏறிக்கொண்டே வந்ததில், அவருக்கு வாராவாரம் அர்ச்சனைதான்.

"உன் குழாய்தான் ஒழுகுது டெஸ்மண்ட். நாப்பது வருஷம் பஸ் ஓட்டின ஆளு, ஒரு குழாயைச் சரியா மாட்டத் தெரியல."

"நாலு தடவை ஏறிப் பாத்துட்டேன் எனிட். சொட்டு ஒழுகல."

"அப்ப தண்ணி என்ன, பரலோகத்துலேர்ந்து நேரா இறங்குதா?"

ஜூன் முதல் ஞாயிறு, முதல் பாட்டுக்கு எல்லாரும் எழுந்தபோது, தெற்கு ஓரப் பெஞ்சில் நின்ற கனத்த மனிதர் ஒருவரின் கால் முழங்கால்வரை பலகைத் தரைக்குள் போய்விட்டது. அடிபடவில்லை. பாட்டையும் அவர் விடவில்லை. ஆனால் மறுநாளே மேலிடத்திலிருந்து இமோஜன் என்ற கட்டட நிபுணர் வந்துவிட்டாள். சின்னப் பெண், பெரிய பூட்ஸ்.

அவள் தரைப்பலகையில் ஈரம் அளக்கும் கருவி ஒன்றைக் குத்தினாள். முப்பத்தொன்று என்று காட்டியது.

"இருபதுக்குக் கீழ இருக்கணும். இந்தப் பக்கம் கயிறு கட்டிடுங்க. பெஞ்சையெல்லாம் எடுத்துடுங்க. செப்டம்பர் நடுவுல மறுபடி வருவேன். அப்பவும் காயலைன்னா குளிர்காலம் பூரா பூட்டித்தான் ஆகணும்."

பக்கத்து ஊரில் அப்படித்தான் ஒரு குளிர்காலத்துக்கென்று பூட்டினார்கள். இன்றைக்கு அதில் யாரோ குடியிருக்கிறார்கள், ஞானஸ்நானத் தொட்டியில் கொத்தமல்லி வளர்க்கிறார்கள்.

இமோஜன் வெளியே போய்த் தேவாலயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எல்லாரும் பின்னாலேயே போனார்கள்.

"வடக்குச் சுவத்துல, அடியில, நாலு இரும்புச் சல்லடை இருக்கு. தரைக்குக் கீழ காத்துப் போக வச்ச துவாரம். தெற்குல ஒண்ணையும் காணோமே?"

கேட்டுக்கொண்டே ஒரு நீளக் கம்பியைப் பூப்பாத்தியில் சுவரைப் பார்த்துச் சாய்த்துச் சொருகினாள். அது வெண்ணெய்க்குள் போவதுபோல இறங்கிக்கொண்டே போனது. அவள் கை மண்ணைத் தொட்டது. அடியில் 'ணங்' என்று இரும்புச் சத்தம்.

எனிட் அந்தக் கம்பியையே பார்த்தாள். மற்றவர்கள் ஆளுக்கொரு கல்லறைக் கல்லைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

டெஸ்மண்ட்தான் தொண்டையைச் செருமினார். "குழாயும் கொஞ்சம் ஒழுகுதுங்க. இப்பத்தான் ஞாபகம் வருது."

"பொய் சொல்லாத டெஸ்மண்ட், தேவாலய வாசல்ல நின்னுக்கிட்டு" என்றாள் எனிட். "சுவத்தோட மூக்கைப் பொத்துனது நான். தண்ணி ஊத்தி ஊத்தி வேற நனைச்சிருக்கேன். ஏம்மா, மண்ணை எடுத்தா காயுமா?"

"காயும். ஆனா வெயில் இருக்கறப்பவே எடுக்கணும். ஒவ்வொரு வாரமும் கணக்கு. நீங்க சேத்த மண்ணை மட்டும் எடுங்க, அனுமதி வேண்டாம். பழைய தரைக்குக் கீழ மட்டும் போயிடாதீங்க."

"போக மாட்டோம். அங்க தூங்கறவங்கள எழுப்பினா அவங்களுக்கும் டீ போடணும்."

இமோஜன் போனதும் பித்தளை துலக்குபவர் மெதுவாக இழுத்தார். "கோப்பைக்குப் பாக்க வர்றவங்க மூணு வாரத்துல வந்துடுவாங்க எனிட். அதுவரைக்கும்..."

எனிட் பாத்தியைப் பார்த்தாள். நீலம் அப்போதுதான் உச்சத்துக்கு வந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் நின்றால் பன்னிரண்டாவது கோப்பை நிச்சயம். மூன்று வார வெயில் போய்விட்டால் தேவாலயம் நிச்சயமில்லை.

"சனிக்கிழமை காலைல எட்டு மணி. எல்லாரும் மண்வெட்டி கொண்டு வாங்க. செடி வேணுங்கறவங்க வாளியும் கொண்டு வாங்க."

சனிக்கிழமை பதினெட்டுப் பேர் வந்தார்கள். தேவாலயப் பக்கமே தலைகாட்டாதவர்கள்கூட வாளியோடு வந்தார்கள். முதல் செடியை எனிட்டே பிடுங்கினாள். அடுத்தவர் பிடுங்கப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் ஆகாது. பத்து மணிக்கு முதல் சல்லடை தெரிந்தது, பன்னிரண்டுக்குள் மூன்று. நாலாவதைக் காணோம், பாத்தியும் முடிந்துவிட்டது.

"மூணு போதும் எனிட். முதுகு போச்சு" என்றார் டெஸ்மண்ட்.

"வடக்குல நாலு. இங்கயும் நாலு. அந்த மூலைல என்ன குவியல்?"

அந்த மூலையில், குழாயிலிருந்து டெஸ்மண்ட் வழித்துப் போட்ட பாசியும் சருகும் இடுப்பு உயரம் குவிந்திருந்தது. எனிட் மண்வெட்டியை ஓங்கி வெட்டினாள். இரண்டாவது வீச்சிலேயே 'ணங்'.

"ஆக, மூணு என் கணக்கு, ஒண்ணு உன் கணக்கு" என்றாள். அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் டெஸ்மண்டுக்கு இருமலே வந்துவிட்டது. துருவைச் சுரண்டிவிட்டு எனிட் துவாரத்தில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளேயிருந்து சில்லென்று, பழைய காளான் வாசத்தோடு காற்று வந்தது.

கோப்பைக்காரர்கள் வந்து, பாத்தி இருந்த இடத்தில் இப்போது பரப்பியிருந்த சரளைக்கல்லைப் பார்த்துவிட்டு, மரியாதையாக டீ குடித்துவிட்டுப் போனார்கள். கோப்பை வேறு ஊருக்குப் போயிற்று. அந்த வாரம் எனிட் கொஞ்சம் சிடுசிடுத்தாள், அவ்வளவுதான். தினமும் காலையில் வந்து கதவுகளைத் திறந்துவைத்தாள், மழை தெரிந்தால் ஓடி வந்து மூடினாள்.

செப்டம்பரில் இமோஜன் வந்தாள். கருவியைப் பலகையில் குத்தினாள். ஒன்பது பேரும் எண்ணை எட்டிப் பார்த்தார்கள். வேறு இடத்தில் இன்னொரு தடவை குத்தினாள்.

"பதினெட்டு. இன்னொரு இடத்துலயும் பதினெட்டு. உளுத்த பலகைய மட்டும் மாத்துங்க. பூட்ட வேண்டாம்."

யாரோ கைதட்டினார்கள். எனிட் அதற்குள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"கைதட்டுறதெல்லாம் அப்புறம். ஞாயித்துக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு. டெஸ்மண்ட், அந்தப் பலகைய அளந்து சொல்லு. மத்தவங்க பெஞ்சுல கை வைங்க. இழுக்காதீங்க, தூக்குங்க."