இருபதடி ஏறிய நீர்

மைசூரிலிருந்து கொள்ளேகாலுக்குச் செல்லும் பெருவழியின் தெற்கே, பங்குனி வெயில் செம்மண் மேட்டை உலைக்களம்போல் காய்ச்ச, பட்டுப்புழுவுக்கென வளர்த்த முசுக்கொட்டைச் செடிகள் இலை சுருண்டு நிற்க, வரப்பென்றும் வாய்க்காலென்றும் பாராது, முள் கிழித்த காலோடு ஓடிக்கொண்டிருந்தாள் ஜோதிமணி. அவளுக்கு எதிரே, கரியப்பனின் நிலத்தில் ஆழ்துளையிடும் வண்டி ஊரதிர முழங்கி, வெண்புழுதியை வானோக்கி உமிழ்ந்துகொண்டிருந்தது.

ஓடிய விரைவிலேயே வண்டியின் முன் போய் நின்றாள்.

"என்ன அம்முணி, குறுக்கால வுளுந்து சாவப் போறயா?" என்றார் கரியப்பன்.

"நிறுத்தச் சொல்லுங்க மாமா! எம்பதடி தள்ளி ஊருக் குடிதண்ணி போரு இருக்குதுங்க. நாப்பது வூடு அதுலதான குடிக்குது!"

"இருக்கட்டுமே. தண்ணிதான் ஏறிக் கெடக்குதே! பலகைல எளுதுனது யாரு, எங்கப்பனா?"

வண்டிக்காரன் சிரித்துவிட்டு, பொறியை மட்டும் அணைத்தான். புழுதி மெல்லப் படிந்தது.

படிப்போரே, அவர் சொன்னது பொய்யன்று. ஈராண்டுக்கு முன் கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வற்றி, புதுத் துளைகளின் ஆழம் போட்டி போட்டு ஆயிரம் அடியைத் தொட்ட நாளில், பதினொரு குடும்பங்கள் கோயில் முன் கூடி ஓர் உறுதி பூண்டன: கரும்பும் வாழையும் கைவிட்டுக் கேழ்வரகு விதைப்பது, முறைவைத்தே நீர் இறைப்பது, எவரும் புதுத் துளை இடாதிருப்பது. பள்ளியருகே பாழ்பட்டுக் கிடந்த பழைய குழாய்க்கிணற்றில் அமாவாசைதோறும் நானூறடிக் கயிற்றை இறக்கி, நனைந்த இடம் பார்த்து, நீர்மட்டத்தை ஊர்ப் பலகையில் எழுதும் பொறுப்பு ஜோதிமணிக்கு வாய்த்தது. விளைச்சல் குன்றி, வாய்ச்சண்டை மிகுந்து, உறுதி நைந்த கயிறாய் இழையிழையாய் அறுந்துகொண்டிருந்த மாசித் திங்களில்தான், "சென்ற ஆண்டினும் இருபதடி மேலே" என்று பலகை மலர்ந்தது. அன்று ஊரே அவளைக் கொண்டாடிற்று. கரியப்பனோ மறுவாரமே வாழைக்கன்று வாங்கிவந்து நட்டார்.

அவ்வுறுதியைக் காக்க அமைந்த நீர்க்குழுவின் தலைவர் செல்லக்கண்ணு மிதிவண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, மூச்சிரைக்க வந்தார்.

"ஏம்ப்பா கரியா, நீ பேச்சு மாறுனா நாளைக்குப் பத்துப் பேரு போரு வண்டியக் கூப்புடுவானே!"

"பின்ன ஏறுன தண்ணியப் பூட்டி வெச்சுப் பூசை பண்றதாங்ணா? ரெண்டு வருசம் ராகிக் களியத் தின்னு நாக்கே செத்துப் போச்சு. எல்லாரும் சேந்துதான மிச்சம் புடிச்சோம்? அதுல ஒரு பங்கு எனக்கில்லீங்களா?"

செல்லக்கண்ணு தாடையைத் தடவினார். சுற்றிலும் கூடியிருந்தோர் கண்கள், யார் முதலில் தலையசைப்பார் என்று காத்திருந்தன. அவற்றுள் பல, தத்தம் நிலத்தை நோக்கியும் ஒருமுறை திரும்பின.

"அவன் கேக்கறதுலயும் ஞாயம் இருக்குதே அம்முணி. அளவு ஏறித்தான இருக்குது?" என்றார் செல்லக்கண்ணு.

வாய் திறவாதிருந்தால் ஜோதிமணியின் மானம் நிற்கும். நாற்பது வீட்டுக் குடிநீர் போகும். வாய் திறந்தாலோ, பதினொரு குடும்பங்கள் ஈராண்டு பொறுத்த பொறுமையே பொய்யென்று அவர்கள் கலைந்து போகலாம். குறுக்கு வழியால் காக்க முயன்ற நன்மை இவ்வாறே, இரு பக்கமும் கூர்கொண்ட வாளாய்க் காத்தவர் கையிலேயே திரும்பி நிற்கிறது.

"அளவு ஏறலீங்க" என்றாள்.

"என்ன சொல்றே?" என்றார் செல்லக்கண்ணு.

"மாரியம்மன் நோம்பிக்கு மூணு நாள் யாரும் மோட்டாரு போடறதில்லையே, அந்த மூணாம் நாளு அளந்தேனுங்க. அமாவாசைல அளக்கல. மோட்டாரு ஓடாததால ஊறி நின்ன தண்ணி அது. தெரிஞ்சேதான் அன்னிக்கு அளந்தேன்."

கரியப்பனின் முகத்தில் இகழ்ச்சி மெல்ல வடிந்து, அச்சம் ஊறியது. "ஏனாத்தா அப்படிப் பண்ணுனே?"

"எல்லாரும் உட்டுட்டுப் போற மாதிரி இருந்துச்சுங்க. கொஞ்சம் ஏறுதுன்னு தெரிஞ்சா இன்னொரு வருசம் பொறுப்பீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப மெய்யான அளவு என்ன?" என்றார் கரியப்பன்.

வறண்ட காற்றொன்று வாழைக்கன்றுகளை அசைத்துக் கடந்தது. ஜோதிமணி நிமிர்ந்து, ஒருவர் முகமும் தவறாமல் பார்த்தாள்.

"அளவே இல்லீங்க மாமா. தையிலயிருந்து ஒரு அமாவாசைக்குக் கூட அந்த நானூறடிக் கயிறு நனையவே இல்ல."