முகவரி மட்டும் பாக்கி

அழைப்பு மணி இரண்டு முறை நீளமாக அலறியது. நாய் கனேலோ குரைத்துக்கொண்டு பாய்ந்தது. வாசலைப் பார்த்து அல்ல, மரிக்ரூஸைப் பார்த்து.

அவள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததே இப்போதுதான். கையிலிருந்த பாலிதீன் பையை மட்டும் கதவோரம் போட்டிருந்தாள்; தோள்பை இன்னும் இறங்கவில்லை. பெரியம்மா மகள் ரெபேக்கா சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். மரிக்ரூஸ் கதவைத் திறந்தாள். கழுத்தில் அடையாள அட்டையும் கையில் பரீட்சை அட்டையுமாக வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் நின்றார்.

"மருந்துக் கம்பெனியிலேர்ந்து வர்றேன்மா. பேரு எஃப்ராயின். வீட்டைப் பாத்துட்டுப் போகணும்."

"நாளைக்குன்னுதானே சார் சொன்னாங்க?"

"இந்தப் பக்கம் இன்னொரு வீடு பாக்க வேண்டியிருந்துச்சு. ஒரே நடையா முடிச்சிடலாம்னு வந்தேன். உங்க வீடுதானே, எப்ப வந்தா என்ன?"

அவள் வீடு இல்லையே. நாளைக்குள் பழகிக்கொள்ளலாம் என்றுதான் இன்றே வந்திருந்தாள்.

வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. நகரத்துக்கு வெளியே அவள் குடியிருக்கும் சிமால்வகான் மேட்டிலிருந்து மூன்று பக்கப் பயோடேட்டாவை எங்கெங்கோ அனுப்பிப் பார்த்தாள். ஒரு போன்கூட வரவில்லை. ரெபேக்காதான் உட்கார வைத்துத் திருத்தினாள். "நீச்சல் சர்டிபிகேட் எதுக்குடி? கிடங்குல ஆறா ஓடுது?" மூன்று பக்கம் ஒன்றானது. முன்பு வேலை பார்த்த கிடங்கில் காலாவதியாகி வீணாகும் மருந்தை மரிக்ரூஸ் பாதியாகக் குறைத்திருந்தாள். எங்கோ அடியில் கிடந்த அந்த வரி முதலுக்கு வந்தது. கடைசியில் ரெபேக்கா முகவரி மேல் விரலை வைத்தாள். "சிமால்வகான்னு பாத்ததுமே, இவ தினம் லேட்டா வருவான்னு ஓரமா வச்சிடுவாங்க. எங்க வீட்டைப் போடு." போட்டாள். அடுத்த வாரமே கூப்பிட்டார்கள். நேர்காணலும் நன்றாகவே போனது. வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள் என்பதை மட்டும் இருவருமே யோசிக்கவில்லை.

எஃப்ராயின் சோபாவில் உட்கார்ந்தார். கனேலோ அவர் கையை முகர்ந்து அங்கேயே படுத்துக்கொண்டு, மரிக்ரூஸைப் பார்த்து உறுமியது.

"உங்களைத்தான் ஆகாது போலிருக்கே."

"நேத்துக் குளிப்பாட்டினேன் சார். அந்தக் கோபம்."

அவர் நாயின் அழுக்குக் கழுத்தைத் தடவிவிட்டு விரலைப் பார்த்தார்.

"பயோடேட்டால இருக்கிறதெல்லாம் விசாரிச்சாச்சும்மா. உங்க பழைய மேனேஜர் போனை வைக்கவே விடலை, அவ்வளவு புகழ்றாரு. முகவரி மட்டும்தான் பாக்கி. கொஞ்சம் தண்ணி குடுங்க."

சமையலறையில் முதல் அலமாரியைத் திறந்தாள். வாணலிகள். அடுத்ததில் பீன்ஸ் பொட்டலங்கள். மூன்றாவதில் நாய்த் தீனி. கதவுகள் திறந்து மூடும் சத்தம் கூடத்துக்குக் கேட்கும் என்று தெரிந்தும் கை நிற்கவில்லை. கடைசியில் தொட்டியில் கிடந்த காப்பிக் கோப்பையைக் கழுவித் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்தாள்.

"உங்க ரூம் எதும்மா?"

குத்துமதிப்பாக ஒரு கதவைத் திறந்தாள். ரெபேக்கா மகனின் அறை. கட்டிலில் டைனோசர் போட்ட போர்வை.

"டைனோசர்னா இஷ்டமோ?"

"சின்ன வயசுலேர்ந்தே சார்."

அவர் எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை. "பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டா முடிஞ்சுது," என்றார்.

எதிர்வீட்டு ஒஃபேலியா அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். நாயின் சத்தத்துக்காக ரெபேக்காவோடு பேச்சையே நிறுத்தியவள்.

"இந்தப் பொண்ணு இங்கதான் குடியிருக்காங்களாம்மா?"

"அந்த வீட்டுல நாய் ஒண்ணைத்தான் எனக்குத் தெரியும். ராத்திரி தூங்க விடாது. அதையும் எழுதிக்கோங்க."

"இவங்களைப் பாத்ததில்லையா?"

"இன்னிக்குத்தான் பாத்தேன். சேறு ஒழுக ஒரு பையைத் தூக்கிட்டு வந்தா. படிக்கட்டெல்லாம் கறை. எவ துடைப்பா?"

கதவு சாத்திக்கொண்டது.

எஃப்ராயின் குனிந்து படிக்கட்டைப் பார்த்தார். மஞ்சள் சேற்றுப் பொட்டுகள் ஒவ்வொரு படியிலும் ஏறி, வாசலைத் தாண்டி, கதவோரம் கிடந்த பாலிதீன் பையில் போய் முடிந்தன. உள்ளே அவளுடைய பழைய ஷூக்கள். மழைக்காலத்தில் மேட்டுச் சேற்றில் அவற்றோடு இறங்குவாள். பாந்தித்லான் ஸ்டேஷனில் சுத்தமான ஜோடிக்கு மாறிக்கொண்டு ரயில் ஏறுவாள். மேட்டுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். நகரத்துக்குள் குடியிருப்பவளுக்கு இப்படி ஒரு பை எதற்கு?

மரிக்ரூஸ் காலால் பையை ஓரமாகத் தள்ளினாள்.

"சார், அந்த முகவரி..."

அவர் கையமர்த்தினார். "ஏழு மணி ஷிப்டு. வந்துடுவீங்களா?"

"பழைய வேலைல ஒரு நாள்கூட லேட்டானதில்ல சார்."

"தெரியும். உங்க மேனேஜரும் அதைத்தான் சொன்னாரு."

தாளில் ஏதோ கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பையை இனிமே இவ்வளவு தூரம் சுமக்காதீங்க. பாந்தித்லான்ல ஜூஸ் விக்கிற அம்மாகிட்டக் குடுத்தா சாயந்தரம் வரைக்கும் வச்சிருப்பாங்க, என்னோடதும் இப்ப அங்கதான் இருக்கு."