வேருக்குக் கொடுத்த ஓய்வு

ஒரு ரொட்டியைத் தின்ன எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்த நேரத்தைத்தான் நான் கேட்டேன். தோட்டத் துரையின் பங்களாவையா எழுதித் தரச் சொன்னேன்?

தெமோதரைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மருந்துச்சாலை அப்போது என் பொறுப்பில் இருந்தது. யாழ்ப்பாணத்தான், முன்கோபக்காரன் என்று எனக்குப் பெயர். பெரியாயி கொழுந்து பறிப்பவள். கடும் நீரிழிவில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவளை இன்சுலின்தான் எழுப்பி உட்காரவைத்தது. விடியற்காலையில் என்னிடம் ஊசி போட்டுக்கொள்வாள். போட்ட அரைமணிக்குள் சாப்பிட்டே ஆகவேண்டும், இல்லாவிட்டால் இரத்தத்தில் சீனி அளவுக்குமேல் இறங்கி மயக்கம் வரும். அந்த அரைமணியில்தான் பெரட்டு. பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்குப் பிரிக்கும்போது வாய் அசையக்கூடாது. மலையேறிவிட்டால் கொழுந்தை எடைபோடும் முதல் நிறுவைவரை கூடையை இறக்கக்கூடாது. ரொட்டி மடியிலேயே காயும்.

ஒருநாள் கொழுந்து நிரையிலேயே விழுந்துவிட்டாள். நான் ஓடிப்போனபோது உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள், நாக்குக் குழறியது.

"காலங்காத்தால சாராயம் ஊத்திக்கிட்டு வந்திருக்காங்க" என்றான் கங்காணி இராமையா.

நான் சீனியைக் கரைத்ததைக் கண்டதும் பதறிப்போனான். "ஐயா, சீனி வியாதிக்காரிக்குச் சீனியா? செத்துப்போயிடுவாங்க!"

"எட்ட நில்லும்!" என்று கத்தினேன். மெல்ல மெல்லப் பருக்கியதும் கண் விழித்தாள். விழித்தவுடன் கூடையைத்தான் தேடினாள். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

மறுவாரம் அதே இராமையா மருந்துச்சாலைக்கு வந்தான். "துரை அயடின் கேட்டாங்க. கவ்வாத்து வெட்டப்போற மலையில வேரு பாக்கணுமாம்."

போத்தலை நானே எடுத்துக்கொண்டு போனேன். துரை ஒரு செடியின் வேரை வெட்டி, வெட்டிய இடத்தில் அயடினைத் தடவினார். வேரில் மாச்சத்து இருந்தால் கறுக்கும். கறுக்கவில்லை. சேமிப்பு இல்லாத செடியைக் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டினால் பட்டுப்போகும், ஆகவே ஆறு கிழமைக்கு, ஒன்றரை மாதத்துக்கு, இந்த மலையில் யாரும் கொழுந்து பறிக்கக்கூடாது என்று உத்தரவிட்டார். செடிக்கு ஓய்வாம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனித ஈரலிலும் இப்படி ஒரு சேமிப்பு இருக்கிறது, அதற்குக் கிளைகோஜன் என்று பெயர், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சர்க்கரை மணிகள் கோத்த சங்கிலி, கிளைக்குமேல் கிளைவிட்டு, வெட்டிப் பழக்கிய தேயிலைச் செடிபோல் எங்கும் நுனியாய் நிற்கும். அவசரத்துக்கு உடம்பு அத்தனை நுனியிலும் ஒரே நேரத்தில் கிள்ளிக்கொள்ளும். பெரியாயிக்கு அந்தச் சேமிப்பே சொற்பம். போதாததற்கு இன்சுலின் ஊசி, "சேர்த்து வை, கிள்ளாதே" என்று ஈரலுக்குக் கட்டளையிடுகிறது. வயிற்றிலும் ஒன்றுமில்லாமல் மலையேறினால் அவள் விழாமல் என்ன செய்வாள்? இந்தச் செடிக்கு ஆறு கிழமை கொடுத்தீர்கள், அவளுக்கு ஒரு ரொட்டி தின்னும் நேரம் கொடுங்கள் என்றேன்.

துரை கையைத் துடைத்துக்கொண்டார். ஒருத்திக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். இன்னொருமுறை விழுந்தால், வேலைக்கு ஏலாதவள் என்று பேரேட்டிலிருந்து அவள் பேரை வெட்டிவிடலாம் என்று இராமையாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த செடிக்குக் குனிந்தார்.

பேர் போனால் குடியிருக்கும் லயக் காம்பிராவும் போகும். குடியுரிமையையும் பறிகொடுத்த சனம் வேறெங்கே போகும்?

மறுநாள் விடிய பெரியாயி வந்தாள். கையை நீட்டவில்லை.

"ஊசி வேணாங்க ஐயா."

"விசரே உனக்கு? இது இல்லாட்டிச் செத்துப்போவாய்!"

"ஊசி போட்டாத்தானே மயக்கம் வருது. இன்னொரு வாட்டி விழுந்தா பேரை வெட்டிருவாங்க. புள்ளைங்களோட நான் எங்கங்க போவேன்?" வாசலில் திரும்பி நின்றாள். "நீங்க எனக்காகத் துரைக்கிட்டப் பேசவும் வேணாங்க."

ஏசினேன், கெஞ்சினேன், லயம்வரை ஊசியோடு போய் நின்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள்மீது எனக்குக் கோபமில்லை, அவள் போட்ட கணக்குச் சரி. அப்படி ஒரு கணக்கைப் போடவைத்தவர்களைத்தான் இன்றுவரை சபிக்கிறேன். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், உருகினாள், ஆனால் ஒருநாளும் பெரட்டுக்குப் பிந்தவில்லை. கடைசியில், சீனி முற்றி இரத்தம் நஞ்சானதற்கு அடையாளமாக, மூச்சில் பழுத்த பழ வாடை அடித்தது. அன்று நான் கேளாமலே ஊசி போட்டேன். காலம் கடந்திருந்தது.

புதைத்துவிட்டு வந்து, மண்ணும் கழுவாமல் நான் உட்கார்ந்திருந்தபோது இராமையா வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஆறு கிழமை முடிஞ்சிருச்சுங்க. துரை திரும்ப அயடின் கேட்டாங்க."

அலுமாரியில் இரண்டு போத்தல் நிறைய இருந்தது. அதை அவனும் பார்த்தான். நான் அலுமாரியைப் பூட்டினேன்.

"இது மனிசருக்கு வாங்கி வைச்ச மருந்து எண்டு உம்மடை துரையிட்டைச் சொல்லும்."