தலை ஆடக் கூடாது

மருந்து செய்கிற சார் எனக்குத் தர வேண்டியது அறுநூற்று நாற்பது ரூபாய். வீட்டுச் சாவியைத் தொலைத்த அன்று பூட்டுக்காரனுக்குக் கொடுக்க வாங்கியது. எட்டு மாதமாகிறது. கேட்டால், "அண்ணே, நம்ம மருந்து இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா பாதியாகுதில்ல? கடனும் அப்படித்தான்" என்பார்.

குடிக்கிற மருந்தல்ல, கதிர்வீச்சு மருந்து. ஊசியில் ஏற்றினால் மூளைக்குப் போகும். அங்கே காவலிருக்கும் செல்கள் எந்த இடத்தில் கொதித்துக் கிடக்கின்றனவோ அங்கே ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் அவர் செய்வார், ஈயப் பெட்டியில் நான் கீழே கொண்டுபோவேன்.

அன்று ஸ்கேன் என் மனைவிக்கு. ஆறு மாதமாக இடது கை மரத்துப்போகிறது, காரணம் பிடிபடவில்லை. இரண்டு முறை வரச்சொல்லி, இரண்டு முறையும் செய்த மருந்து தரச் சோதனையில் தேறவில்லை. மூன்றாம் முறை தேறியது. ஆனால் லிஃப்ட் நின்றுவிட்டது.

இருபது கிலோப் பெட்டி, நான்கு மாடி.

"ஒரு பக்கம் புடிங்க சார்."

இரண்டு மாடி இறங்கியதும் அவர் படியில் உட்காரப் பார்த்தார்.

"எந்திரிங்க சார், பாதியாயிடப் போகுது!"

"மருந்தா, நானா?"

கீழே அவள் மேசையில் படுத்திருந்தாள். தலைக்குப் பட்டை கட்ட நர்ஸ் நின்றிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "இவர்தான் சாவி தொலைச்ச சார்" என்று சொல்லித் தொலைத்தேன்.

எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஓஹோ! அறுநூத்தி நாப்பதா?"

"படுங்கம்மா, தலை ஆடக் கூடாது" என்றாள் நர்ஸ்.

"காசு வரட்டும், தலை தானா நிக்கும்."

"அண்ணி, நிமிஷத்துக்கு நிமிஷம் மருந்து செத்துக்கிட்டிருக்கு!" என்றார் சார்.

"எங்க காசு எட்டு மாசமா செத்துக்கிட்டிருக்கு தம்பி."

பல் பிடுங்கப் போனபோதும் டாக்டரிடம் பாதி விலைக்குக் கேட்டவள். பயம் வந்தால் பேரம் பேசுவாள். மரத்த கையை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சார் எல்லாப் பைகளையும் துழாவினார். அறுநூறுதான் தேறியது. என்னிடம் நீட்டினார்.

"இன்னும் ஆறு நிமிஷம் போனா ஊசி வீண்" என்றாள் நர்ஸ்.

"இந்தக் கையில வைங்க" என்று இடது கையை என்னிடம் நீட்டினாள். வைத்தேன். விரல்கள் மூடின. நோட்டு இருப்பது மரத்த விரல்களுக்குத் தெரியாமல் குனிந்து பார்த்தாள்.

"மீதி நாப்பது?"

"அதை நான் பாத்துக்கிறேன். நீ படு."

படுத்தாள். ஊசி ஏறியது. ஒரு மணி நேரம் தலை ஆடவேயில்லை.

படம் வந்ததும் டாக்டர் வலப்பக்கம் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். கங்கு மாதிரி இருந்தது. "இடது கைக்கு மூளையோட இந்தப் பக்கம்தான் பொறுப்பு. இங்கதான் கோளாறு. இனி வைத்தியம் பாக்கலாம்."

வெளியே வந்ததும் சார் தலையைச் சொறிந்தார். "அண்ணே, அந்த நாப்பது..."

"அது பாதி பாதியா கரைஞ்சு போச்சு சார்" என்றேன்.