வண்டிக்கு அடியில் சிவப்பாக ஒன்று

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் அவ்வளவு கௌரவமானதல்ல. வடகரப்பதியில் ஒருவர் தன் பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கால்கள்தான் வெளியே தெரிந்தன. உதவப் போயிருக்கலாம். நானோ நல்ல தொடக்கம் சிக்கியது என்று வீட்டுக்கு ஓடி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் முயற்சி: "பூமியின் மார்பில் செங்குருதியென வழிந்த அத்திரவம்..."

வேண்டாம். டீசல் வண்டிக்கு இவ்வளவு ஆகாது.

இரண்டாவது: சின்னமுத்துவின் வண்டிக்கு அடியில் காலையில் சிவப்பாக ஏதோ தேங்கியிருந்தது.

இது போதும்.

2

சின்னமுத்து தேங்காய் லோடு அடிக்கிறவர். மகள் செல்வப்பிரியாவை மூணாறில் கட்டிக்கொடுத்திருக்கிறார், மாசமாக இருக்கிறாள். நாளைக் காலை அவளுக்குக் கட்டுச்சோறு. வகைவகையாகச் சோறு கிளறி, சொந்தபந்தத்தோடு ஏற்றிக்கொண்டு மலையேற வேண்டும். சம்பந்தி வீட்டு வாசலில் சொந்த வண்டியில் போய் அவர் மனத்துக்குள் பலமுறை இறங்கிப் பார்த்துவிட்டார்.

(பிக்கப்பின் பின்னால் பதினைந்து பேர் போகலாமா? கூடாது. நானும் சொன்னேன். பாத்திரங்கள் எழுதுகிறவன் பேச்சைக் கேட்பதில்லை.)

3

எலப்புள்ளியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நூஹு வந்து குனிந்து பார்த்தார்.

"பவர் ஸ்டீயரிங் ஆயிலுங்களா பாய்? அதுதான செவப்பு?" என்றார் சின்னமுத்து.

நூஹு அந்த ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். ஆயில் அளவு சரியாக இருந்தது. தேங்கியதை விரலால் தேய்த்தார். "இது எண்ணெயே இல்லீங்க. வழுக்கவே மாட்டேங்குது."

(நூஹுவை எல்லாம் தெரிந்தவராக எழுதத் தொடங்கினேன். எனக்கே அலுத்துவிட்டது. அதனால் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தைக் கொடுத்தேன்.)

வைத்துப் பார்த்தார். முகம் கோணியது. "மஞ்சப்பொடி!"

4

சமையற்கட்டிலிருந்து சின்னமுத்துவின் மனைவி கற்பகம் வந்தார்.

"ஐயோ, அதயா நக்கிப் பாத்தீங்க? வண்டிக்குச் சுத்தி ஊத்துன ஆரத்திங்க. மஞ்சளும் சுண்ணாம்பும். சம்பந்தியூட்டுல நல்ல வண்டி, நல்ல வண்டின்னாங்க. கண்ணு படாதுங்களா?"

நூஹு துப்பிக்கொண்டே இருந்தார். சின்னமுத்துவுக்கு உயிர் திரும்பி வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் கற்பகம் இன்னும் குனிந்தபடியே இருந்தார்.

"ஏனுங்க, நான் முன்சக்கரத்துக்கிட்டத்தான் ஊத்துனேன். பின்சக்கரத்துக்கு உள்பக்கம் நனைஞ்சிருக்குதே, அது என்னதுங்க?"

நூஹு உள்ளே ஊர்ந்து போனார். வெளியே வந்தபோது சிரிப்பு இல்லை.

"பிரேக் ஆயில். வீல் சிலிண்டர் போயிருச்சு. மலைக்கு இத எடுக்காதீங்க. சாமான் கோயமுத்தூர்ல இருந்து வரோணும். நாளைக்கு மத்தியானமாயிரும்."

5

முடிவுகள்:

அ) சாமான் இன்று மாலையே வந்துவிடுகிறது. (எந்தச் சாமான் அப்படி வந்திருக்கிறது?)

ஆ) எல்லாரும் அண்டாக்களோடு பஸ்ஸில் போகிறார்கள். சம்பந்தி வீட்டார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அண்டா தூக்க, சின்னமுத்து தலை நிமிராமல்...

இ) "கொஞ்சந்தான ஒழுகுது, மெதுவா போயிக்கலாம்" என்கிறார் சின்னமுத்து.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது மூன்றாவதுதான். மூணாறு போகிற வழியில் மறையூரைத் தாண்டினால் வளைவுகள். கதை தானாக ஓடும். சின்னமுத்துவும் என் பக்கம். வண்டியை எடுக்கச் சொல்லி எழுதப் போனால், சாவியைக் காணோம். கற்பகம் இடுப்பில் செருகியிருந்தார்.

"கதைக்கு ஒரு வளைவு வேணும்மா" என்றேன்.

"வேணும்னா நீங்க ஒருத்தரே ஏறிப் போங்க. என்ற புள்ளையப் பாக்கப் போறவங்க உசுரோட போய்ச் சேரோணும்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று.

சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. முடிவு வேண்டுமென்றால் நீங்களே போய்க் கேளுங்கள். ஆனால் கேட்டுப் போகிறவர்கள் கையில் அவர் ஒரு தேங்காய் மூடியைக் கொடுத்து, கட்டுச்சோற்றுக்குத் துருவச் சொல்கிறார். சின்னமுத்து ஒன்று முடித்துவிட்டார். நான் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன்.