மணலுக்குள் போன விருந்தாளி

அண்ணி நர்ஸ். வார்டில் அவள் குரல் கேட்டால் டாக்டர்களே சத்தமில்லாமல் நடப்பார்கள். அப்பேர்ப்பட்டவள் ஒரு விரல் நீள மீனுக்காக சோபா அடியில் டார்ச் அடித்துக் குப்புறக் கிடந்தாள்.

மீன் கொழுந்தனுடையது. "கல்யாணம் பண்ணிக்காம மீனையே கட்டிக்கிட்டு அழு" என்று போன வருஷம் ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். முகத்தைத் தூக்கிக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டுப் போனவன், வேலைப் பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டி வந்ததும் தொட்டியோடு வாசலில் வந்து நின்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"பவளப்பாறையில இருக்கிற ராஸ்ங்கிற மீன் குடும்பம் அண்ணி. நூத்துக்கணக்குல ரகம். சிலது மத்த மீன் உடம்புல இருக்கிற பூச்சியைத் தின்னு சுத்தம் பண்ணும். சிலதுல, கூட்டத்து ஆண் செத்தா, பெரிய பெண்ணே ஆணா மாறி நிர்வாகத்தை எடுத்துக்கும்."

"நம்ம வீட்ல அதுக்கு நான் சாகவே வேண்டாமே" என்றார் அவள் கணவர்.

"இதோட தூக்கம் இருக்கே..." என்று கொழுந்தன் ஆரம்பித்தான்.

"ஐசியூவையே பார்த்துக்கிறவ, இதைப் பார்த்துக்க மாட்டேனா? கிளம்பு தம்பி!"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வார்டு ஒழுங்குப்படி, விடிந்ததும் விளக்கு எரியவும் பொழுது சாய்ந்ததும் அணையவும் டைமர் வைத்தாள். டியூட்டிக்குக் கிளம்பும்போது மீனைக் காணோம். இருட்டித் திரும்பினாலும் காணோம். மூடி இடுக்கில் துள்ளி விழுந்துவிட்டதா? சோபா அடியில் தூசிதான் இருந்தது. கடைசியில் தொட்டி மணலைக் கிளறக் கரண்டி எடுத்தவள், மனசு கேட்காமல் போனை எடுத்தாள்.

"தம்பி, உன் மீனைக் கொன்னுட்டேன்."

"எப்ப லைட் போடுறீங்க?" என்றான். சொன்னாள். பாவிப்பயல் சிரித்தான்.

"எனக்கு சாயங்கால ஷிஃப்ட், ராத்திரி லேட்டா படுத்து லேட்டாதான் எழுந்து லைட் போடுவேன். எங்க வீட்ல அதுக்கு மத்தியானம்தான் விடியும். அதுவரைக்கும் மணல்ல புதைஞ்சு தூங்கும். பழைய நேரத்தை சீக்கிரம் மறக்காது. நீங்க வர்றதுக்குள்ள லைட் அணைஞ்சு மறுபடி படுத்திருக்கும். மணலைக் கிளறிடாதீங்க!"

கரண்டியை அடுப்படியில் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் லீவு. உச்சிவேளையில் தொட்டி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மணல் லேசாக அசைந்தது. முதலில் ஒரு கண், பிறகு மூக்கு, பிறகு முழு மீனும் மணலை உதறிக்கொண்டு கண்ணாடியருகே வந்து அவளைப் பார்த்தது.

"அடப்பாவி, உயிரோடதான் இருக்கியா!"

கொழுந்தனைப் போனில் கூப்பிட்டாள்.

"எழுந்திருச்சிடுச்சு தம்பி..." மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணி, மீனுக்கா அழுறீங்க?"

"மீனுக்கு எதுக்கு அழப்போறேன்? நீ மறுபடி பேசாமப் போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

"ஊருக்கு வந்ததும் நேரா அங்கதான் சாப்பாட்டுக்கு வர்றேன்."

"மத்தியானமா வா. உன் மீனும் முழிச்சிருக்கும்."