இரண்டாவது பிடி

கடைசித் துளையை அரம் போட்டு முடிப்பதற்குள் மெக்கானிக்கின் கட்டைவிரல் மரத்துப்போனது. வட்டமாக வந்த துளைகளெல்லாம் இப்போது முட்டை வடிவம். பிரேக் டிஸ்க் வேறு வண்டியினுடையது; பழைய இரும்புக் கடையில் கிடைத்ததென்று முதலாளி கொண்டுவந்து போட்டிருந்தார். போல்ட் துளைகள் பொருந்தவில்லை. நடு ஓட்டையும் இந்தச் சக்கரத்தின் ஹப்புக்குத் தொளதொளவென்று இருந்தது. எண்ணெய் டப்பாவைக் கத்தரித்து, தகரத்தை வளையமாக வளைத்து இடைவெளியை அடைத்தான்.

மண்மேட்டுத் தடத்தில் காசு கட்டி மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பார்க்க ஆட்கள் வரும் இடம் அது. இன்றைக்கு ஏதோ கம்பெனிக் கூட்டம். ஷெட்டுக்கு வெளியே ஹெல்மெட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபோர்க்கில் ஒரு கம்பியைக் கட்டி, நுனியை டிஸ்க்கின் ஓரத்தில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றினான். கம்பிக்கும் டிஸ்க்குக்கும் இடையில் வெளிச்சம் வந்தது, போனது, மறுபடி வந்தது. வாஷர்களைத் தேய்த்து, மாற்றிப் போட்டும் ஆட்டம் நிற்கவில்லை.

"இது ஆகாதுங்க முதலாளி. டிஸ்க் ஆடுது. ஆடி ஆடி பிரேக் கட்டைய உள்ள தள்ளிடுது. மொதப் பிடியில லீவர் வெறுசா வருது. ரெண்டாவது பிடியிலதான் கவ்வுது."

"கவ்வுதுல்ல? அப்புறம் என்ன?"

"வந்தவங்களுக்கு அது எப்படிங்க தெரியும்?"

முதலாளி வெளியே கூட்டத்தைப் பார்த்தார். "அதுவும் சரிதான். அப்ப ஒண்ணு பண்ணு. முன்னால ஓட்டுறவன் வண்டிச் சக்கரத்தக் கழட்டி இதுக்கு மாட்டு. இத அவனுக்குப் போட்டுரு. நம்ம ஆளுக்குன்னா சொன்னாப் புரியும்."

முன்னால் ஓட்டி வழி காட்டுகிறவன் மெக்கானிக்கின் தங்கை புருஷன். போன மழைக்காலத்தில் பொருந்தாத செயின் சக்கரம் ஒன்றை இப்படித்தான் மெக்கானிக் மாட்டிக் கொடுத்தான். "இவன் கையில எதக் குடுத்தாலும் ஒப்பேத்திருவான்" என்று முதலாளி எல்லாருக்கும் முன்னால் தோளில் தட்டினார். அன்றைக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது. இப்போது நினைத்தால் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

"நீ முடியாதுன்னு சொல்லிரு மாப்ள" என்றான், ஷெட்டுக்குள் வந்த தங்கை புருஷனிடம்.

"சொன்னா வேற ஆள ஏத்துவாரு. தடத்துல இறங்குனாத்தானே மச்சான் நமக்குக் கூலி? போடுங்க." மாப்பிள்ளை லீவரை இரண்டு தரம் அழுத்திப் பார்த்துச் சிரித்தான். "ஒங்க தங்கச்சியும் இப்படித்தான். நான் பொண்ணு கேட்டப்ப மொத தடவ பிடி குடுக்கல. ரெண்டாவதுலதான் சரின்னா."

"மூணாவதுல" என்றாள் குழாயடியில் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த தங்கை. ஹோஸைத் தூக்கி அவன் முதுகில் ஒரு பீச்சு பீச்சினாள். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கினான்.

முதல் சுற்று நன்றாகவே போயிற்று. இரண்டாவது சுற்றில், முதல் சுற்றிலேயே பின்தங்கிப்போன கூட்டத்துப் பெண் ஒருத்தி, இறக்கத்தின் அடியில் வண்டி அணைந்து நடுத்தடத்தில் நின்றுவிட்டாள். மேலிருந்து வந்த மாப்பிள்ளை லீவரைப் பிடித்தான். இரண்டாவது பிடிக்கு நேரமில்லை. ஹேண்டிலை ஒடித்துப் பழைய டயர் அடுக்கில் முகம் அடிபடப் போய் மோதினான். வண்டி அவன் முழங்காலின் மேல் விழுந்தது. அந்தப் பெண்ணுக்குக் கீறல்கூட இல்லை.

காலைப் பலகையில் வைத்துக் கட்டி, சாமான் வேனில் ஏற்றினார்கள். தங்கையும் ஏறப் போனாள். "டிரைவர் கூட இருக்கான்ல, நீ பொறவு போம்மா. வண்டியெல்லாம் ஒரே சேறு, கழுவணும்" என்றார் முதலாளி. அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

முதலாளி விழுந்த வண்டியை நிமிர்த்தி, குனிந்து பார்த்தார். "டிஸ்க்குல ஒண்ணுமே ஆகலியே. ரெண்டு தடவ பிடின்னு சொல்லியும் மறந்துட்டான் பாரு."

"மறக்கலங்க. நேரமில்ல."

"சரி விடு. பாதிக் கூட்டம் இன்னும் ஓட்டல, காசத் திருப்பிக் கேப்பாங்க. இந்த வண்டியோட கொணம் ஒனக்குத்தான் தெரியும். நீ முன்னால ஓட்டு."

"இந்தச் சக்கரத்தோடயா?"

"வேற சக்கரம் இருக்கா? முடியாதுன்னா சொல்லு. ஒங்க ரெண்டு குடும்பமும் நாளைலருந்து வர வேணாம்."

தங்கை புருஷனுடைய ஹெல்மெட்டின் உள்பஞ்சில் அப்பியிருந்த சேற்றைக் கழுவினாள். சேற்றோடு கொஞ்சம் ரத்தமும் கரைந்து போயிற்று. சட்டைக் கையால் துடைத்து அண்ணனிடம் நீட்டினாள்.

மெக்கானிக் அதை மாட்டிக்கொண்டான். குளிர்ந்த தண்ணீர் பிடரி வழியாக முதுகில் இறங்கியது. பின்னால் வரிசையாக எஞ்சின்கள் உறுமத் தொடங்கின. அவன் வண்டியில் ஏறி லீவரைப் பிடித்துப் பார்த்தான். வெறுசாக வந்தது.